உட்காராமல் வாங்க வேண்டிய சைக்கிள்

சைக்கிள் வாங்குவதற்கு முன்னால் அதில் ஒரு தரம் ஏறி உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று நினைக்கிற ஆட்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். நம் மருந்துக்கடைக்காரர் அந்த ரகம். ஐம்பது வயதைத் தொட்டும் இந்த விஷயத்தில் அவருக்குப் புத்தி வரவில்லை. நெடுந்தூர சைக்கிளோட்டிகள் பேரவை என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால், அவர் பாட்டுக்குக் கடைக்குப் போய், பிடித்த வண்டியில் ஏறி, கால் எட்டுகிறதா, முதுகு வலிக்கிறதா என்று பார்த்துவிட்டு, காசைக் கொடுத்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்திருப்பார். நினைத்தாலே பகீரென்கிறது.

அவரிடம் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருந்தது. மனைவியின் தம்பி ஓட்டிச் சலித்து இவர் தலையில் கட்டிய பந்தய சைக்கிள். மச்சினன் இவரைவிட ஒரு தலை உயரம். அந்த வண்டியில் ஏறினால் மருந்துக்கடைக்காரர் கட்டிலுக்கடியில் விழுந்த பேனாவை எடுக்கிறவர் மாதிரி இருப்பார். அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் போனால் விரல்கள் மரத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் திங்கட்கிழமை மாத்திரை அட்டையைக் கத்தரிக்க முடியாமல் கடையில் திண்டாடுவார்.

"விரல்ல உணர்ச்சி இல்லாத ஆளு மருந்து எடுத்துக் கொடுத்தா நாடு தாங்குமாங்க?" என்றாள் மனைவி. "ஒண்ணு, சைக்கிளை விட்டுத் தொலைங்க. இல்ல, உங்க உடம்புக்கு ஏத்த வண்டியா பாத்து வாங்குங்க."

சைக்கிளை விட முடியாததற்குக் காரணம் மகள். கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, கையில் கடை இருக்கும்போது மாட்டு வாலைப் பிடிக்க என்ன தலையெழுத்து என்று கத்தியவர் இவர். அவள் பிடிவாதமாகப் படித்தாள். மலையடிவாரத்தில் ஓர் ஊருக்கு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷமாக அப்பாவும் மகளும் போனில் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அதே ஊரில் சொந்தமாக மருத்துவமனை திறக்கப் போகிறாள். அம்மாவிடம் தேதியைச் சொல்லிவிட்டு, போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"பஸ்ல வராதப்பா. பஸ்ல எல்லா அப்பாவும்தான் வருவாங்க. முன்னாடி ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் ஓட்டுவோம்ல, அந்த மாதிரி ஓட்டிக்கிட்டே வா. தொண்ணூறு கிலோமீட்டர்தான்."

அவள் கேட்ட விதம், போனது போகட்டும் என்று சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். திறப்பு விழாவுக்கு மூன்று மாதம் இருந்தது. மச்சினன் வண்டியில் தொண்ணூறு கிலோமீட்டர் என்பது நடக்கிற காரியமில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாளே சைக்கிள் கடைக்குப் போனார். நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கைப்பிடி கொஞ்சம் மேலே, முதுகு அவ்வளவாகக் குனிய வேண்டாம், டயரும் சற்று அகலம். சாம்பல் நிறத்தில் ஒன்று அவரைப் பார்த்துக் கூப்பிட்டது. அவர் பேண்ட்டை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக் காலைத் தூக்கினார்.

"சார்! சார்! சார்!" என்று சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து அவர் காலைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன சார் இது, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க!"

"உட்கார்ந்து பாக்கலாம்னு..."

"அளவு தெரியாம உட்காரலாமா? உட்கார்ந்து, அது பாட்டுக்கு வசதியா இருந்து தொலைச்சுதுன்னா? அப்புறம் உங்க மனசுல ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்த உடம்பை மன்றத்துல அளவெடுக்க மாட்டாங்க. மூணு வருஷம் தள்ளி வெச்சிடுவாங்க."

மன்றம் என்பது பேரவையின் ஃபிரேம் அளவு நிர்ணய மன்றம். அந்த நகரத்தில் எந்தக் கடையும் மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் நெடுந்தூர சைக்கிள் விற்காது. விற்றால் பேரவை கடைக்குச் சரக்கு வரவிடாது. ஒரு காலத்தில் மக்கள் கண்டபடி ஏறி உட்கார்ந்து, தங்களுக்குச் சௌகரியமான வண்டிகளை வாங்கிக்கொண்டிருந்தார்களாம். அந்தக் காட்டுமிராண்டிக் காலத்தை ஒழித்தவர் பேரவையின் நிறுவனர்.

"சரி, நான் காலை இறக்கிக்கலாமா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். கடைக்காரர் அப்போதுதான் விட்டார்.

மச்சினன் பேரவையில் ஆயுள் உறுப்பினன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் மாமா நீங்க சரியான வழிக்கு வந்திருக்கீங்க. நான் ஐம்பத்தாறு அளவு ஃபிரேம். மன்றம் எழுதிக் கொடுத்தது. ஒரு தடவை கூட மறுபேச்சு பேசினதில்ல" என்று சொல்லிக்கொண்டே டீ டம்ளரை எடுத்தான். டம்ளர் அவன் விரல்களிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் அக்கா துடைக்கும் துணியோடு தயாராக வாசலில் நின்றிருந்தாள். அந்த வீட்டில் அவனுக்கு எவர்சில்வர் டம்ளர்தான்.

"கை மரத்துப்போகுதா மாப்ளே?"

"நெடுந்தூரம் ஓட்டுறவங்களுக்கு அது இருக்கத்தான் மாமா செய்யும். எங்க எல்லாருக்கும் இருக்கு."

மன்றம் மூன்று தளக் கட்டடம். கீழ்த்தளத்தில் கால் துறை. இரண்டாம் மாடியில் கைத் துறை. நடுவில் இருந்த முதல் மாடியில் முதுகுத் துறை வரவேண்டியது. முதுகு காலைச் சேர்ந்ததா, கையைச் சேர்ந்ததா என்று தகராறு முடியாததால் அந்த மாடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்தார்கள். சைக்கிள் நிறுத்த இடம் எங்கே என்று வாசல் காவலாளியிடம் கேட்டதற்கு, "இங்க யாருங்க சைக்கிள்ல வர்றாங்க?" என்றான் அவன். காம்பவுண்டு முழுக்கக் கார்கள் நின்றன.

கால் துறையின் அதிகாரி தடித்த மனிதர். அவர் மேசைக்கு மேல் வெல்வெட் விரிப்பில் ஒரு பலகை இருந்தது. அரைச் சாண் உயரம். அதன் மேல் நிறுவனரின் படம் ஒட்டியிருந்தது: மீசை, கழுத்துப்பட்டை, எங்கேயோ தூரத்தில் பார்க்கும் கண்கள்.

"செருப்பைக் கழட்டிட்டுச் சுவரோட முதுகு ஒட்ட நில்லுங்க" என்றார் அதிகாரி. பிறகு இரண்டு கையாலும் பலகையை ஏந்திவந்து மருந்துக்கடைக்காரரின் தொடைகளுக்கு நடுவே வைத்து, கிட்டி போடுகிற மாதிரி மேலே தூக்கி அழுத்தினார். மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுவனர் கீழேயிருந்து தொலைவை நோக்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி குனிந்து, பலகையின் அடிவிளிம்பில் பென்சிலால் சுவரில் கோடு போட்டு, தரையிலிருந்து அதுவரை அளந்தார்.

மருந்து அளந்து பழகிய ஆள். சும்மா இருக்க முடியவில்லை. "சார், பலகையோட மேல் விளிம்புலதானே கோடு போடணும்? கால் அதுவரைக்கும் இருக்கே?"

அறையில் இருந்த குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"மேல் விளிம்புன்னா என்னன்னு தெரியுமா?" அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது நிறுவனரோட தலை. அதுக்கு மேல பென்சிலைக் கொண்டுபோகச் சொல்றீங்களா? முப்பது வருஷமா இந்தத் துறையில ஒரு ஆள் அந்தத் தப்பைப் பண்ணினதில்ல."

நிறுவனரை எவனோ ஒருவன் கால் நடுவில் செருகுவது எப்படி மரியாதையாகும் என்று மருந்துக்கடைக்காரருக்குக் கேட்கத் தோன்றியது. பலகை இன்னும் அவர் கால் நடுவில்தான் இருந்தது. அதனால் கேட்கவில்லை. இப்படியாக அந்த நகரத்து உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் கால்கள் அரைச் சாண் குட்டை என்பது மன்றத்தின் முடிவு. அவருக்கு எழுதிக் கொடுத்த அளவு: நாற்பத்தெட்டு.

கைத் துறை அதிகாரி ஒல்லியானவர், இனிமையானவர். ஒரு இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்துக் கையை முன்னால் நீட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது மருந்துக்கடைக்காரரின் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற நிலையில் இருந்தன. அப்போது அளந்தார். அப்படியும் திருப்தி இல்லாமல், அளவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதினார்.

"எதுக்கு சார் கூட எழுதுறீங்க?"

"கீழ அவங்க குறைப்பாங்க. அதனால மேல நாங்க கூட்டிடுவோம். பொதுமக்களுக்கு ஒரு நஷ்டம் வரக்கூடாது பாருங்க."

"அவங்க எவ்வளவு குறைக்கிறாங்கன்னு தெரிஞ்சு கூட்டுறீங்களா?"

"அது எப்படித் தெரியும்? கால் துறையோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லையே" என்று அதிகாரி அன்போடு சிரித்தார். "ஒரு குத்துமதிப்புத்தான்." எழுதிக் கொடுத்தார்: ஐம்பத்தெட்டு.

மருந்துக்கடைக்காரர் எழுந்துபோகும்போது தயங்கி நின்றார். "சார், நான் இதுக்கு வந்ததே கழுத்து வலிக்குது, கை மரத்துப்போகுதுன்னுதான். அதை யார்கிட்ட சொல்லணும்?"

அதிகாரிக்கு அது புதிய கேள்வி. மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். மூடினார். "வலின்னு தனியா ஒரு துறை கிடையாதுங்களே" என்றார்.

நாற்பத்தெட்டு அளவு கால்களும் ஐம்பத்தெட்டு அளவு கைகளும் உள்ள மனிதர் என்ற செய்தி மன்றத்தில் பரவியது. சாப்பாட்டு வேளையில் மற்ற மாடிகளிலிருந்து வந்து எட்டிப்பார்த்தார்கள். அந்த உடம்பை நேரில் பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தெருவில் போகிற எவரைப் போலவும் இருந்தார். ஆனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வழக்கு முழு அமர்வுக்குப் போனது. அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இடையில் மனைவி ஒரு யோசனை சொன்னாள். "நான் மெம்பர் இல்ல. எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்ல. நான் போய் அந்த வண்டில உட்கார்ந்து பாத்துட்டு வந்து சொல்றேனே?"

"நீ உட்கார்ந்தா உனக்குச் சரியா இருக்கான்னுதானே தெரியும்?"

"அவங்க ஒரு பலகையை வெச்சு உங்க அளவைச் சொல்லுவாங்க, நான் உட்கார்ந்து சொன்னா ஆகாதா?"

 அவரோ, ஒரு அமைப்பு என்று இருந்தால் அதற்கென்று ஒரு முறை இருக்கும் என்று முனகினார். மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பேச்சு அவருக்கு எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

முழு அமர்வில் பேரவைத் தலைவர் பேசினார். வெள்ளைத் தலை, கம்பீரமான குரல். கால் துறையும் கைத் துறையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தன.

"அன்பர்களே, என்கிட்ட சில பேர் கேக்குறாங்க, ஏன் நம்ம உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல ஐம்பத்தாறுன்னு. பொறாமையில கேக்குறாங்க. நான் வெளிப்படையாவே சொல்றேன். கம்பெனிக்காரன் ஐம்பத்தாறுதான் நிறைய அனுப்புறான். கிடங்குல இருக்கிற அளவுக்கும் மக்களோட அளவுக்கும் ஒரு இணக்கம் வேணும். அந்த இணக்கத்தைக் கொண்டுவர்றதுதான் நிர்வாகம். இன்னொண்ணும் கேக்குறாங்க. தலைவர் சைக்கிள் ஓட்டுறாரான்னு. இல்ல. பதினஞ்சு வருஷமா நான் சைக்கிள்ல ஏறல. ஓட்டுறவனுக்குத் தன் வலிதான் பெருசு. ஓட்டாதவனாலதான் எல்லார் வலியையும் ஒரே மாதிரி பார்க்க முடியும்."

உறுப்பினர்கள் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டினார்கள். சத்தம் வரவில்லை. மரத்துப்போன கைகள் ஒன்றோடொன்று பட்டும் படாமலும் அசைந்தன. தலைவர் அந்த நிசப்தத்தைக் கையமர்த்தி அடக்கிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு வந்தது. இரண்டு துறையும் தவறே செய்யாதவை. ஆகவே தவறு உடம்பில்தான் இருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் உடல் இணக்க முகாமில் சேர்ந்து தன் கால்களையும் கைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர முயற்சி எடுக்க வேண்டும். முகாம் என்பது மன்றத்தின் பின்கட்டு. அங்கே கம்பியில் தொங்க விட்டார்கள். தொங்கினால் எல்லாம் நீளும் என்றார் பயிற்சியாளர். நீளமான கைகள் இன்னும் நீண்டால் என்ன செய்வது என்று இவர் கேட்டார். அப்படியானால் தலைகீழாகத் தொங்கலாம் என்று அவர் யோசித்துச் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. மருந்துக்கடைக்காரர் தலைவரின் அறைக்குப் போய் நின்றார். மானத்தை விட்டுக் கெஞ்சினார். மகளைப் பற்றிச் சொன்னார், இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொன்னார். 

தலைவர் இளகினார். "அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? என் சிறப்பு அதிகாரத்துல சான்றிதழ் குடுத்துடறேன். நாற்பத்தெட்டோ ஐம்பத்தெட்டோ, உங்க இஷ்டம். ஒரே ஒரு சின்ன உதவி. திறப்பு விழா அன்னிக்குத்தான் நம்ம ஆண்டு மாநாடு. உங்க மாதிரி ஒரு அபூர்வ உடம்பு பேரவை வரலாற்றுலேயே வந்ததில்ல. காலைல மேடையில அரை மணி நேரம் மாதிரியா நில்லுங்க. எப்படி அளவெடுக்கிறதுன்னு காட்டுவோம். கையோட சான்றிதழை வாங்கிட்டு, கடை பக்கத்துலதான், வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுங்க."

மருந்துக்கடைக்காரர் நன்றி சொன்னார். வெளியே வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அபூர்வ உடம்பு என்று அவரை இதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

மனைவி முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். விழா நாள் விடிந்ததும் அவர் பழைய வண்டியிலேயே மாநாட்டு மண்டபத்துக்கு வந்தார். புது வண்டி வாங்கியதும் இதை மச்சினனிடமே தள்ளிவிடலாம் என்று எண்ணம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேடைச் சுவரில் முதுகு ஒட்ட நின்றார். கால் துறை அதிகாரி பலகையை ஏந்திவந்து செருகினார். அவையோர் எழுந்து நின்றார்கள், நிறுவனருக்காக.

அரை மணி நேரம் வரவேற்புரைக்கே போதவில்லை. பிறகு கால் துறை பேசியது. கால் துறை பேசிய அளவுக்குக் குறையாமல் கைத் துறையும் பேசியது, பிறகு குத்துமதிப்பாக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது. வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்து அவர் கால் விரலைத் தொட்டது. தொண்ணூறு கிலோமீட்டரை அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். கடைசியாகத் தலைவர் எழுந்தார்.

"இதோ நிக்கிறாரே, இந்த அன்பர் முதல் நாள் வந்து வலிக்குதுன்னு சொன்னார். நம்ம அதிகாரிகள் அதைக் காதுல போட்டுக்கவே இல்ல. நான் பெருமையோட சொல்றேன். வலியைக் கேக்க ஆரம்பிச்சா அளவு கெட்டுடும்!"

கைகள் சத்தமில்லாமல் அசைந்தன. அந்த நிசப்தத்தில் மருந்துக்கடைக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"அசையாதீங்க. அளவு கலைஞ்சிடும்" என்றார் கால் துறை அதிகாரி, உதட்டை அசைக்காமல்.

போன் அடித்து ஓய்ந்தது. தலைவர் தொடர்ந்தார். போன் மறுபடி அடித்தது. மருந்துக்கடைக்காரர் எடுத்துவிட்டார்.

"எங்கப்பா இருக்க?" மகளின் குரலுக்குப் பின்னால் ஒரு நாய் குரைத்தது, யாரோ சிரித்தார்கள். "எல்லாரும் வந்துட்டாங்க. பாதி வழி தாண்டிட்டியா?"

அவர் குனிந்து பார்த்தார். கால் நடுவே நிறுவனர் இருந்தார்.

"இல்லம்மா" என்றார். "இன்னும் கிளம்பல. நின்னுக்கிட்டு இருக்கேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் நாய் மட்டும் குரைத்தது. "சரிப்பா" என்றாள் மகள். மழை பெய்ததா என்று கேட்கும் பழைய குரல் அது. இரண்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல். அதை இனிமேல் ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"வர்றேம்மா. எவ்வளவு நேரமானாலும் வந்துடறேன்" என்று அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். பலகை நழுவி, மேடையில் மோதி, முகங்குப்புறக் கீழே விழுந்தது.

மண்டபமே பதறி எழுந்தது. முதல் வரிசை மேடைக்குப் பாய்ந்தது. ஒருவர் பலகையை எடுத்தார். அது அவர் விரல்களில் நிற்காமல் நழுவியது. இன்னொருவர் தாவிப் பிடித்தார், அவரிடமிருந்தும் நழுவியது. ஆயுள் உறுப்பினர்கள், முன்னாள் செயலாளர்கள், கௌரவ ஆலோசகர்கள் எல்லாரும் மரத்த கைகளோடு நிறுவனரைத் தூக்கித் தூக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஒலிபெருக்கியில், "அமைதி! அமைதி! யாராவது ஒருத்தர் கெட்டியாப் பிடிங்க!" என்று கத்தினார். அப்படி ஒருத்தர் அந்தச் சபையில் இல்லை.

மருந்துக்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். மச்சினன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"என்ன காரியம் மாமா பண்ணிட்டீங்க! இனிமே உங்களுக்கு இந்த ஊர்ல எவனும் சைக்கிள் குடுக்க மாட்டான்!"

"தெரியும் மாப்ளே. இதுலேயே போறேன்."

மச்சினன் அந்தப் பழைய வண்டியைப் பார்த்தான். மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் யாருமில்லை என்று தெரிந்ததும் மாமாவின் காதருகே வந்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாமா. எனக்கும் வலிக்குது."

"பின்ன ஏண்டா சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றான் அவன். சொல்லிவிட்டு, பலகையைத் தூக்க ஆள் போதாது என்று உள்ளே ஓடினான்.

வழியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. முதல் இருபது கிலோமீட்டரில் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு விரல்கள் போயின. புளியமரமோ புங்கமரமோ, நிழல் கண்ட இடத்திலெல்லாம் இறங்கி நின்று கையை உதறினார். மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு இறங்கவில்லை. இறங்கினால் ஏற முடியாது என்று பயம். லாரிக்காரர்கள் அவரைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். நடக்காத காரியம் என்று மூன்று மாதம் நினைத்திருந்த காரியம் ஒவ்வொரு கிலோமீட்டராக, மகா அசிங்கமாக, நடந்துகொண்டிருந்தது.

தெரு விளக்குகள் போடுகிற நேரத்துக்கு அவர் ஊருக்குள் நுழைந்தார். மருத்துவமனை வாசலில் நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். விருந்தாளிகள் போய்விட்டார்கள். மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் உயரம்தான் அவளும், அதே நெற்றி. அவரைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை.

அவர் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். "இறங்க முடியல" என்றார். "கை வர மாட்டேங்குது."

அவள் வந்து பார்த்தாள். விரல்கள் கைப்பிடியைக் கவ்விக்கொண்டு அப்படியே இறுகிப்போயிருந்தன. சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். முரட்டு மாடுகளைக் கையாண்டு பழகிய கை, அவசரப்படவில்லை. இரண்டு கையும் விடுபட்ட பிறகும் அவள் அவற்றை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிப்பனை வெட்டிட்டேன்ப்பா. காத்திருந்து பாத்தேன். நாய்க்குட்டியோட ஒருத்தங்க வந்துட்டாங்க."

"நல்லது பண்ணினம்மா. நோயாளியைக் காக்க வைக்கக் கூடாது."

"ஏன்ப்பா இவ்வளவு லேட்டு?"

"அளவெடுத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார் அவர். 

உள்ளே மனைவி கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "வந்துட்டாரா அபூர்வ உடம்பு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தண்ணீர் எடுக்கப் போனாள். வரவேற்பு அறையில் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. கைப்பிடி கொஞ்சம் மேலே, டயர் சற்று அகலம். நெடுந்தூர வண்டி. அங்கங்கே பெயிண்ட் உதிர்ந்திருந்தது.

"உன்னுதா? என்ன அளவு?"

"தெரியலையே. செகண்ட் ஹேண்ட். ஏறி ஒரு ரவுண்டு போனேன், நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்."

அவர் அந்த வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு மூன்று மாதமாகப் பழகிய குரலில் கேட்டார்: "உட்காரலாமா?"

"இதென்னப்பா கேள்வி? உட்காரு."

மகள் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாசல் பக்கம் திரும்பி யாராவது வருகிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். முதுகு தானாக நிமிர்ந்து ஓரிடத்தில் நின்றது. கைகள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் கைப்பிடி இருந்தது.

"வசதியா இருக்காப்பா?" என்று கேட்டாள் மகள்.

இந்த மூன்று மாதத்தில் அத்தனை மாடிகளில், அத்தனை அறைகளில், இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவர் கூடக் கேட்டதில்லை.  மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்ச நேரம் இறங்கச் சொல்லாதேம்மா" என்றார்.